இதழியல் படித்தவர்களின் மலரில் ‘யார் எங்கே’ பக்கம்: வன்னியில் அதை எப்படி எழுதுவது?

கேள்வி இதுதான்: “சேர், இதழியல் டிப்ளோமா படித்த பல அணிகளைச் சேர்ந்தவர்கள் நாங்கள். இப்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று இருக்கிறோம். கொஞ்சப்பேர் வெளிநாட்டில். ஒன்றுகூடலுக்கு ஒரு மலர் போடப்போகிறோம். ஒவ்வொருவரும் என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள் என்று ஒரு பகுதி வேண்டும் என்கிறார்கள். வட்ஸ்அப் குழுவில் விபரம் கேட்டேன், பாதிப்பேர் பதிலே போடவில்லை. ஊடகத்தை விட்டுப் போனவர்களைப் பற்றி என்ன எழுதுவது? எங்களோடு படித்து இன்று இல்லாதவர்களை என்ன செய்வது?”

தங்கச்சி, அந்தப் பதில் போடாத பாதிப்பேரில் இருந்து தொடங்குவோம். பதில் போட்டவர்கள் யார் என்று ஒருக்கால் பாருங்கள். பதவி உயர்வு கிடைத்தவர், கனடாவில் வீடு வாங்கியவர், போன மாதம் பிள்ளை பிறந்தவர். மற்றவர்கள் செய்தியைப் பார்த்திருப்பார்கள். “படிச்சதுக்கும் இப்ப செய்யிற வேலைக்கும் சம்பந்தமில்லை, நான் என்னத்தை எழுதிறது?” என்று போனைக் கீழே வைத்திருப்பார்கள். குழுவில் பொதுவாகக் கேட்டால் வன்னியில் இதுதான் நடக்கும். அந்தப் பாதிப்பேர் இல்லாமல் மலர் அச்சுக்குப் போனால் அது ஒரு சிலருடைய விளம்பரப் பக்கமாகத்தான் இருக்கும்.

நீங்கள் போடப்போகும் பகுதிக்கு ஒரு பழைய மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் மிசூரி இதழியல் பள்ளி 1908 இலும் கொலம்பியா இதழியல் பள்ளி 1912 இலும் தொடங்கின. அங்கத்தைய பல்கலைக்கழகச் சஞ்சிகைகளின் கடைசிப் பக்கங்களில் பட்டம் பெற்ற ஆண்டு வாரியாகப் பழைய மாணவர் செய்திகள் வரும். ஆளுக்கு இரண்டு மூன்று வரி: இன்ன பத்திரிகையில் துணை ஆசிரியரானார், புத்தகம் வெளியிட்டார், மணம் முடித்தார், மகள் பிறந்தாள், காலமானார். வாசிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த வடிவத்துக்குள் சில நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. எல்லாரும் தொடங்கிய படிப்பைத் தொடங்கிய இடத்திலேயே முடித்தார்கள், எல்லாருடைய வேலைக்கும் ஒரு பதவிப் பெயர் உண்டு, யார் எங்கே இருக்கிறார் என்பதை அச்சில் போடுவதால் ஒருவருக்கும் கெடுதல் வராது. வன்னியில் இந்த மூன்றுமே பொருந்தாது. அதனால் வடிவத்தை அப்படியே எடுக்காமல் நம் ஆட்களுக்கு ஏற்றபடி வெட்டித் தைக்க வேண்டும்.

ஆண்டுப் பிரச்சினை சின்னது, முதலில் அதை முடித்துவிடுவோம். பட்டியலைப் படிப்பை முடித்த ஆண்டின்படி போடாதீர்கள், சேர்ந்த ஆண்டின்படி போடுங்கள். 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்த வன்னிப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் நின்றார்கள். வன்னிக்குள் இருந்தவர்கள் வகுப்புக்குப் போக முடியவில்லை. 2009 இல் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தவர்களில் சிலரிடம் சான்றிதழ் என்ன, அடையாள அட்டைகூட இல்லை. சேர்ந்த ஆண்டைப் பிடித்துக்கொண்டால் இவர்கள் எல்லாரும் தங்கள் கூட்டாளிகளுடனேயே வருவார்கள். முடிக்காதவர்களும் அந்த அணிதான். பெயருக்குப் பக்கத்தில் ‘பூர்த்தி செய்யவில்லை’ என்று குறிப்புப் போட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இனி வேலை. இங்கேதான் நீங்கள் கூடுதல் நேரம் செலவழிக்க வேண்டும்.

கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி 2004 இல் தொடங்கியது. மும்மொழியிலும் டிப்ளோமா நடத்துகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடக வளங்கள் பயிற்சி மையம் இயங்கியது. படித்து வந்தவர்கள் பலர். அவர்களை மாதச் சம்பளத்துக்கு எடுக்கக்கூடிய செய்தி அறைகள் எங்கே இருந்தன? கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும். முல்லைத்தீவிலோ மல்லாவியிலோ இருக்கிற ஒருவருக்குக் கிடைத்தது பிரதேச நிருபர் என்ற பெயர். செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று மாதம் முடியக் கணக்குப் பார்த்து வரும் காசு. போட்ட செய்திக்குத்தான் காசு, போய்வந்த பெற்றோலுக்கு இல்லை. நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை. கொக்கிளாயில் ஒரு காணிப் பிரச்சினை என்றால் மோட்டார் சைக்கிளில் போய், கதைத்து, படம் எடுத்து, வீட்டுக்கு வந்து எழுதி அனுப்பினால் அது மறுநாள் நான்கு வரியாக வரும், சிலவேளை வராமலும் போகும். இந்தக் கணக்கில் குடும்பம் நடத்த முடியாது என்று தெரிந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்தக் காரணத்தையும் மலரில் ஒரு சின்ன முன்னுரையாகப் போடுங்கள். அதை வாசித்தால், பதில் போடாதவர்கள் தாங்கள் தனியாள் இல்லை என்று காண்பார்கள்.

எங்கே போனார்கள்? பட்டமும் கையில் இருந்தவர்கள் பட்டதாரிப் பயிலுனராகச் சேர்ந்து அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனார்கள். வன்னியின் எந்தப் பிரதேச செயலகத்துக்குப் போனாலும் அப்படி ஒருவரைச் சந்திக்கலாம். சிலர் ஆசிரியர். சிலர் போருக்குப் பின் வந்த தொண்டு நிறுவனங்களில் அறிக்கை எழுதினார்கள். நிறுவனங்கள் கிளம்பிப் போனதும் அந்த வேலையும் போனது. கமரா பிடித்தவர்கள் ஸ்டூடியோ போட்டு, கல்யாணவீடும் சாமத்தியவீடும் எடுக்கிறார்கள். ட்ரோனும் வைத்திருக்கிறார்கள். சிலர் யூடியூப். (அழுகிற ஏழைத் தாயின் முகத்துக்குக் கமராவைப் பிடித்து, வெளிநாட்டு உறவுகளே உதவுங்கள் என்று சொல்லும் வகையும் அதற்குள் உண்டு. நம்மிடம் படித்தவர்களிலும் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. ஆனாலும் மலரில் அவருடைய சனலின் பெயரையும் போடத்தான் வேண்டும். உங்கள் வேலை தீர்ப்புச் சொல்வது இல்லை.)

இவர்களைப் பற்றி வழக்கமாக எப்படி எழுதுவோம்? “இன்னார் தற்போது பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சிறப்புறப் பணியாற்றி வருகின்றார். மனைவி பிள்ளைகளுடன் இனிது வாழ்ந்து வருகின்றார்.” இதை வாசித்து முடித்தபின் உங்களுக்கு என்ன தெரிய வந்தது? ஒன்றுமில்லை. இதையே ஒரு நிருபர் மாதிரிக் கேட்டுப் பாருங்கள்: காலையில் மேசையில் இருந்து முதலில் என்ன செய்கிறீர்கள்? அப்போது வேறு ஒன்று வரும். “இன்னார் பிரதேச செயலகத்தில் தகவல் அலுவலருக்கு உதவியாக இருக்கிறார். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் விண்ணப்பங்களைப் பதிந்து, 14 வேலை நாட்களுக்குள் முடிவு போகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. விண்ணப்பம் அனுப்புபவர்களில் அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நிருபரும் ஒருவர்.” இப்போது ஆள் தெரிகிறார், இதழியலோடு அவருக்கு இன்னும் உள்ள தொடர்பும் தெரிகிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கமான அந்தத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். அதைவிட நல்ல அணிச் செய்தி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

கடை வைத்திருப்பவரிடமும் அப்படித்தான். புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை என்று நிறுத்திவிடாதீர்கள். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். காணி விடுவிப்புக்கு மனு, மாதர் சங்கத்துக்கு அறிக்கை, கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் என்று எல்லாம் அவரிடம்தான் போகும். கேட்டால் சொல்வார், தானாகச் சொல்லமாட்டார்.

ஊடகத்திலேயே நிலைத்து நிற்பவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய பெயர் ஏற்கெனவே அச்சில் வருகிறது. ஒன்று மட்டும்: விருது பெற்றதை ஒரு வரியில் விட்டுவிட்டு, அவர் எழுதிய எந்தச் செய்தியால் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். பாலம் வந்ததா, பேருந்து வந்ததா, ஒன்றும் நடக்கவில்லையா. ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் எழுதலாம்.

குடும்பச் செய்திக்கு வருவோம். நம் ஊரில் குடும்பத்தைப் பற்றி அச்சில் வரும் வடிவம் இரண்டுதான்: கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல். “முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட” என்று தொடங்கினால் உயிரோடு இருப்பவர் வாசித்துவிட்டுப் பயந்துபோவார். இன்னாரின் மகன், இன்னாரின் பேரன், இன்ன ஊர் என்று நீட்டிக்கொண்டு போகும்போது சாதியும் அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாசிக்கிறவர்கள் ஊரையும் பெயரையும் வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் வேண்டாம். மணம் முடித்தவர் பெயரும், இருவரும் சம்மதித்தால் அவரது தொழிலும் போதும்.

பெண்களின் பெயரில் கவனம். வகுப்பில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு இருந்தவர் இன்று கணவரின் பெயரோடு இருக்கலாம். கட்டுரை எழுதிய பெயர் மூன்றாவதாகவும் இருக்கலாம். எந்தப் பெயரில் வர விருப்பம் என்று அவரையே கேளுங்கள், கணவரைக் கேட்க வேண்டாம். கூடப் படித்தவர்கள் தேடிப் பிடிக்கும்படி பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் போடலாமா என்றும் கேளுங்கள். கல்யாணத்தோடு வெளியில் போய் எழுதுவதை நிறுத்திய பெண்கள் உங்கள் அணிகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஆண்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது. மாப்பிள்ளை வீட்டார் நிருபர் வேலையை ஆணுக்கென்றால் “நிரந்தரமோ?” என்று கேட்பார்கள், பெண்ணுக்கென்றால் “இரவில் திரியிற வேலையோ?” என்று கேட்பார்கள். இதைத் தனிக் கட்டுரையாகவே ஒருவர் எழுதலாம். உங்கள் குழுவில் எழுதக்கூடியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

விபரப் படிவத்தில் ‘திருமணமானவரா, பிள்ளைகள் எத்தனை, கணவர் என்ன தொழில்’ என்று கட்டம் போட்டு அனுப்பாதீர்கள். கணவரை இழந்தவர், கணவர் எங்கே என்று தெரியாதவர், பிரிந்து இருப்பவர், பிள்ளைக்காக வைத்தியம் செய்துகொண்டிருப்பவர், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவர் எல்லாருக்கும் அந்தக் கட்டம் குத்தும். “வீட்டைப் பற்றி என்ன போடலாம்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் ஒன்றும் வேண்டாம். தாயைப் பார்த்துக்கொள்வதும் குடும்பச் செய்திதான், ஒரு சகோதரனின் பிள்ளைகளை வளர்ப்பதும் குடும்பச் செய்திதான். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.

பிள்ளைகளின் புலமைப்பரிசில் புள்ளிகளை மட்டும் போடவே போடாதீர்கள். கெஞ்சிக் கேட்பார்கள். ஒருவருக்குப் போட்டால் மற்றவரின் பிள்ளை அந்த மலரை வாசிக்கும்.

பாதுகாப்பு விஷயம் விளையாட்டில்லை. ஒருவர் இன்ன ஆண்டு இன்ன நாட்டுக்குப் போனார் என்பது உங்களுக்கு நல்ல செய்தி. தஞ்சம் கேட்டு வழக்கு நடந்துகொண்டிருப்பவருக்கு அது ஆவணம். விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாதத்தைப் போடுவதும் வேண்டாம். 2009 க்கு முன் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் இயங்கிய பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சிகளில் வேலை செய்தவர்கள் உங்களில் இருப்பார்கள். அது அவர்களுடைய தொழில் வரலாறு, அதை மறைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் முடிவு அவர்களுடையது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு, வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. ‘முன்னைய பணியிடம்’ என்ற வரியை எல்லாருக்கும் பொதுவாக வைத்தால், அவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட நேரும். அந்த வெறுமையே ஒன்றைச் சொல்லிவிடும். ஆகவே அந்த வரியை யாருக்கும் வைக்க வேண்டாம். விரும்பியவர் தன் குறிப்புக்குள்ளேயே சொல்லட்டும். தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி, பிள்ளை படிக்கும் பாடசாலை ஆகியவற்றையும் ஒருவருக்கும் போடாதீர்கள். இலக்கம் வேண்டியவர் உங்களிடம் கேட்டு வாங்கட்டும்.

இல்லாதவர்களைப் பற்றிக் கேட்டீர்கள்.

நோயிலும் விபத்திலும் காலமானவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொல்லப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது கொல்லப்பட்டார் என்றே எழுதுங்கள். நாள், இடம், எப்படி என்பதோடு. யாழ்ப்பாணத்தில் ஊடக வளங்கள் பயிற்சி மையத்தில் படித்துக்கொண்டிருந்த சகாதேவன் நிலக்சன், 2007 ஓகஸ்ட் 1 அன்று கொக்குவிலில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். வன்னியில் இருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்த புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரி 12 அன்று எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார். இவர்களை ‘அகால மரணமடைந்தார்’ என்று எழுதினால் பொய் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் செய்தி எழுதவில்லை. உங்கள் அணியில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் எழுதியவற்றில் ஒன்றை முழுதாக மறுபிரசுரம் செய்யுங்கள். புகழுரை பத்துப் பேர் எழுதுவதைவிட அது நல்லது.

காணாமல் ஆக்கப்பட்டவரை ஒருபோதும் காலமானோர் பட்டியலில் போடாதீர்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மார் கேட்டது, தங்கள் பிள்ளை எங்கே என்று. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று திருப்பிவிட்ட குடும்பங்கள் வன்னி முழுக்க உண்டு. அவர்கள் வாங்க மறுத்ததை உங்கள் மலர் அச்சடித்துக் கொடுக்கக்கூடாது. அவருடைய பெயர் அவரது அணியில், அகரவரிசையில், உயிரோடு இருப்பவர்களின் பெயர்களுக்கு நடுவிலேயே வரட்டும். கடைசியாக எங்கே, எப்போது காணப்பட்டார் என்பதை வீட்டார் சொல்லும் சொற்களிலேயே போடுங்கள். வட்ஸ்அப்பில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள். ஒரு தாய் “இருக்கிறான் எண்டு எழுது பிள்ளை” என்று சொல்லக்கூடும். அப்படியானால், இருக்கிறார் என்று தாயார் சொல்கிறார் என்று எழுதுங்கள். யார் சொன்னார் என்று குறிப்பிட்டு எழுதுவதைத்தான் முதல் மாதத்திலேயே உங்களுக்குப் படிப்பித்தோம்.

சேகரிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அணிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வெற்றிகரமாக இருப்பவரைப் பிடிக்காமல் எல்லாரோடும் கதை பேச்சு உள்ளவரைப் பிடியுங்கள். அவர் ஒவ்வொருவருக்கும் குரல் அழைப்பு எடுக்கட்டும், ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு. குழுவில் அமைதியாக இருந்தவர் தனியே பேசினால் அரைமணி நேரம் கதைப்பார். வயல் வேலை இருப்பவர்களை விதைப்பு, அரிவு வெட்டு நாட்களில் தொந்தரவு செய்யாதீர்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு எப்படியும் பாதிப்பேர் வருவார்கள், அங்கே வைத்தே சில வேலை முடியும்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கமுன் அவரவருக்கு வாசித்துக் காட்டுங்கள். செய்தியை மூலத்திடம் முன்கூட்டிக் காட்டாதே என்று வகுப்பில் சொல்லித் தந்தோம், நானே சொல்லியிருக்கிறேன். அந்த விதி அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது. இது உங்கள் கூட்டாளியின் வீட்டுக் கதை. அவர் இந்த வரி வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். உண்மை இல்லாததைச் சேர்க்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். பதவியை ஒரு படி கூட்டிச் சொல்பவர்கள் இருப்பார்கள். அணியில் உள்ள எல்லாருக்கும் உண்மை தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், அவரே குறைத்துக்கொள்வார்.

நீளம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று முதலே அறிவித்துவிடுங்கள். ஆளுக்கு ஐம்பது சொல் என்றால் பேராசிரியருக்கும் ஐம்பது, ஆட்டோ ஓடுபவருக்கும் ஐம்பது. படமும் ஒரே அளவு. அனுசரணை தந்தவருக்கு அரைப் பக்கம் வேண்டுமென்றால் விளம்பரப் பகுதியில் கொடுங்கள்.

மலர் வந்த பிறகு ஒரு பிரதியை நூலக நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் மலர்களையும் மின்னூலாக்கிக் காத்துவரும் இடம் அது. வன்னியில் வீட்டு அலுமாரியில் வைத்திருந்த மலர்கள் எத்தனை மிஞ்சின என்று யோசித்தால் இதன் தேவை புரியும். ஆனால் அங்கே ஏறிவிட்டால் உலகம் முழுக்க யாரும் பார்க்கலாம், தேடினால் பெயரும் வரும். ஆகவே குறிப்பை வாசித்துக் காட்டும்போதே இரண்டு சம்மதம் கேளுங்கள்: அச்சில் போட ஒன்று, இணையத்தில் வைக்க ஒன்று. இரண்டாவதற்குச் சம்மதிக்காதவர்கள் இருந்தால், அந்தப் பகுதியைத் தனி இணைப்பாக அச்சடித்து ஒன்றுகூடலில் கையில் மட்டும் கொடுங்கள். அச்சகத்துக்குப் போகமுன்பே இதைத் தீர்மானித்துவிடுங்கள். பக்கக் கணக்கு அதைப் பொறுத்துத்தான் வரும்.